தராசின் மேல் கயிறு

தடைக்காலம், நாற்பத்து மூன்றாம் நாள்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
ஒன்றன் தோளை ஒன்று இடித்தபடி சும்மா கிடக்க,
ஏலக்கூடத்துத் தராசை நானும் ரொசாரியும்
நடுத்தரைக்கு இழுத்துப் போட்டோம்.

அரிய மீன் இல்லை. கத்தி நான்கு இருந்தது.
இற்றுப்போன மடிக்கயிறு ஒரு வண்டி இருந்தது.
தராசில் பலகை, பலகையில் கயிறு.
கத்தியை அமுக்கி இழுக்கையில்
கயிறு அறுபடும் நொடியில் எத்தனை கிலோ காட்டுகிறதோ
அதுதான் கணக்கு.
மூன்றுக்குள் அறுத்தால் கூர்.
பத்தைத் தாண்டினால் செத்தது.
ஐஸ்பெட்டி மூடியில் சாக்பீஸ் கோடு
ரொசாரியின் பொறுப்பு.

முதலில் எண்பது ரூபாய் எவர்சில்வர்,
ஓரியூர்த் திருவிழாக் கடையில் வாங்கியது.
இருபத்தாறாவது வெட்டில் வழுக்கியது.
துரு மட்டும் பிடிக்காது;
வேலைக்குப் போகாதவன் சட்டை மாதிரி
எப்போதும் பளபளப்பு.

லாரி வில்பட்டையில் அடித்தது நூற்றுப் பன்னிரண்டு.
அரைநாள் உப்புத்தண்ணி பட்டால் சிவந்துவிடும்.
ஆனால் பீங்கான் கோப்பையின் அடியில்
நாலு இழுப்பு இழுத்தால் போதும்,
அடுத்தது எங்கே என்று கேட்கும்.

பவர் ரம்பத் தகட்டைத் தேய்த்துச் செய்தது
இருநூற்று எண்பது வரை சலிக்கவில்லை.
எங்கள் மணிக்கட்டுதான் விட்டுப்போனது.
அது மழுங்கினால் தீட்ட ஒரு பகல் வேண்டும்.
கல் தேயும். அது தேயாது.

கடைசியாக, ஷார்ஜாவிலிருந்து வந்தது.
என் கொழுந்தன் பெர்க்மான்ஸ் அங்கே ஓட்டலில்
மீன் அரிகிறவன்.
வாயோரம் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து,
அட்டைப்பெட்டியில் அறுபத்து நாலு என்று ஒரு நம்பர்.
இரும்பின் கடினமாம்.
முழங்கையில் வைத்தேன், முடி தானாக உதிர்ந்தது.
கயிறு அறுபட்டதைத் தராசு கவனிக்கவே இல்லை.
நூறு. இருநூறு.
முந்நூற்று நாற்பதிலும் நாலு கிலோதான்.
கோடு போட இடமில்லாமல் ரொசாரி
மூடியைப் புரட்டிப் போட்டாள்.

போட்டி முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து நாட்டுப்படகு அந்தோணிப்பிச்சை
ஏழு கிலோ பாரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
மண்டையைப் பிளந்து தரச் சொன்னார், குழம்புக்கு.
கையில் எது இருந்ததோ அதை ஓங்கினேன்.
டிக்.
கம்மல் திருகாணி சிமெண்டில் விழுகிற சத்தம்.
கத்தி வாயில் ஒரு நெல்மணி அளவு காணோம்.
மழுங்கத் தெரியாதது உடைந்துவிட்டது.

பிறகு அரைமணி நேரம்
செவுளுக்குள்ளும் கண்குழிக்குள்ளும் துழாவினோம்.
யார் தொண்டையிலாவது போய் நின்றால்?
ரொசாரி பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்தாள்.
தாடை எலும்பருகே ஒட்டிக்கொண்டு வந்தது,
செதிலைவிடச் சின்னது.
மிச்ச மண்டையை வில்பட்டை பிளந்தது.
அதன் வாயும் கொஞ்சம் மடங்கியது.
கோப்பை அடியில் இழுத்தேன், நிமிர்ந்தது.

என் இடது சுட்டுவிரல் நாலையும் ருசி பார்த்திருக்கிறது.
எவர்சில்வர் கிழித்தது பதினைந்து நாள் சீழ்.
ஷார்ஜா கிழித்தது
வெட்டினதே தெரியாமல் மூன்று நாளில் மூடிக்கொண்டது.
எரிச்சல் மட்டும் ராத்திரியில் வந்தது, தாமதமாக.
இதற்குக் கோடு போட ரொசாரி மாட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பெர்க்மான்ஸ்.
பின்னால் வெள்ளைச் சுவர், தலையில் வெள்ளைத் தொப்பி.
அங்கே மீன் மண்டையில்லாமல் முள்ளில்லாமல்
பிளாஸ்டிக் உறைக்குள் செங்கல் மாதிரி வருமாம்.
"மதினி, கத்தி எப்படி?"

உடைந்த இடம் பெருவிரலுக்குப் பின்னால் போகும்படி
திருப்பிப் பிடித்து,
"முந்நூற்று நாற்பது வெட்டு" என்றேன்.
அது பொய்யில்லை.